தோட்டத்து வீட்டுக்காரர்களுக்கான தற்காப்பு வகுப்பு: காலையை விடுங்கள், மதியத்துக்குப் போங்கள்

காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில் எங்கள் தோட்டம். அடுத்த வீடு கிளுவை வேலிக்கு அந்தப் பக்கம், ஒரு கொரங்காடு (மேய்ச்சல் நிலம்) தாண்டி இருக்கிறது. ராத்திரி கத்தினால் கேட்காது. 2024 நவம்பரில் பல்லடம் பக்கம் சேமலைகவுண்டம்பாளையத்தில் ஒரே வீட்டில் மூன்று பேரையும், 2025-இல் சிவகிரி பக்கம் ஒரு வயதான தம்பதியையும் தோட்டத்து வீட்டிலேயே வைத்துக் கொன்றார்கள். அதற்கப்புறம் இந்தப் பக்கம் இரண்டு வியாபாரம் நன்றாக ஓடுகிறது. ஒன்று சிசிடிவி. இன்னொன்று தற்காப்பு வகுப்பு. இரண்டாவதைப் பற்றித்தான் எழுதுகிறேன், ஏனென்றால் போகலாமா வேண்டாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள்.

நடத்தியவர்கள் பெயரைப் போடவில்லை. இதே மாதிரி நாலைந்து குழுக்கள் ஊர் ஊராக வருகின்றன, பாடமும் ஏறக்குறைய ஒன்றுதான். தலைக்கு 1,200 ரூபாய், மதியச் சாப்பாடு உட்பட. இடம் ஒரு கல்யாண மண்டபம். நானும் என் நாத்தனாரும் போயிருந்தோம். வந்திருந்தவர்களில் பாதிக்கு மேல் அறுபது தாண்டியவர்கள், பிள்ளைகள் பெங்களூரிலோ வெளிநாட்டிலோ இருக்க, தோட்டத்தில் தனியாக இருப்பவர்கள்.

காலை வகுப்பைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். கராத்தே கற்ற ஒரு தம்பி சொல்லிக் கொடுத்தார். மணிக்கட்டைப் பிடித்தால் அவன் கட்டைவிரல் இருக்கிற பக்கமாகத் திருகி இழுப்பது, பின்னால் இருந்து கட்டிப்பிடித்தால் கால் பாதத்தில் மிதிப்பது, இப்படி. நாத்தனாருக்கு வந்தது. முழங்கால் தேய்ந்த அம்மாக்களுக்கு எப்படி வரும்? அவர்களை ஓரமாக நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். அவர்களுக்குத்தான் இந்த வகுப்பே.

காலையில் உருப்படியாக இருந்தது வீட்டுப் பட்டியல். சமையல்கட்டுப் பின்கதவுக்கு உள்பக்கம் குறுக்குப்பட்டை போடச் சொன்னார்கள். களத்தைப் பார்த்து ஒரு விளக்கு, அதன் சுவிட்ச் படுக்கைப் பக்கத்தில். கடப்பாரை, மம்மட்டி, ஏணி எதையும் ராத்திரி வெளியே போட்டு வைக்கக் கூடாது, வருகிறவன் வெறுங்கையோடு வந்தாலும் நாமே ஆயுதம் எடுத்துக் கொடுத்த கதையாகிவிடும். நாய் திடீரென்று செத்தால் புதைத்துவிட்டுச் சும்மா இருக்காமல் ஸ்டேஷனில் சொல்ல வேண்டும். போலீஸின் காவல் உதவி ஆப்பை அங்கேயே எல்லார் போனிலும் ஏற்றிக் கொடுத்தார்கள். இதற்குக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் கையில் கொடுத்த நோட்டீஸின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இப்படி ஒரு வரி: வீட்டுக்குள் நுழைந்தவனை வெட்டினால் கேஸ் இல்லை. பயிற்சியாளர் தம்பி அதை மைக்கிலும் சொன்னார். மண்டபமே கை தட்டியது. எனக்கு அப்போதே சுருக்கென்றது, ஆனால் எது தப்பு என்று சொல்லத் தெரியவில்லை.

நடுவில் ஸ்டால். மிளகாய் ஸ்பிரே, அலறும் கருவி, டார்ச்சோடு சேர்ந்த தடி. ஸ்பிரே டப்பா கைக்கு அடக்கமாக 55 மில்லி, விலை 450 ரூபாய். லைசன்ஸ் எதுவும் வேண்டியதில்லை. அடித்துக் காட்டுங்கள் என்று கேட்டேன். மண்டபத்துக்குப் பின்னால், பாத்திரம் கழுவுகிற இடத்தில் வைத்து அடித்தார்கள். ஆடி மாதம். காற்றாலைக்காரர்கள் தேடி வந்து நட்ட ஊர் எங்கள் ஊர், காற்றைச் சொல்லவா வேண்டும்? மேற்கே பார்த்து அழுத்திய பையன் முகத்திலேயே பாதி திரும்பி வந்தது. அண்டா தேய்த்துக்கொண்டிருந்த அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து ஓடினார். பையன் அரை மணி நேரம் கண்ணைத் திறக்கவில்லை. வீட்டுக்குள், காற்று இல்லாத இடத்தில் இது வேலை செய்யும், மறுக்கவில்லை. களத்தில் நின்றுகொண்டு அடிக்கிற எண்ணம் இருந்தால் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு அடியுங்கள். நாங்கள் வாங்கவில்லை.

மதியம்தான் விஷயம். வந்தவர் ஒரு வக்கீலம்மா, கிரிமினல் கேஸ் நடத்துபவர், ஐம்பது வயதிருக்கும். நோட்டீஸைக் கையில் எடுத்து அந்த முதல் வரியைப் படித்தார். பேனாவால் அதை அடித்தார். "எல்லாரும் அடிச்சிருங்க" என்றார். பயிற்சியாளர் தம்பி ஸ்டால் பக்கம் போய்விட்டார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். 2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. தற்காப்பு உரிமை அதில் 34 முதல் 44 வரையான பிரிவுகளில் இருக்கிறது. பழையதில் 96 முதல் 106. நம்பர்தான் மாறியதே தவிர, ஒன்றிரண்டு இடம் நீங்கலாகச் சரக்கு பழசுதான். நம் உடம்பை மட்டும் இல்லை, அடுத்தவர் உடம்பையும், நம் சொத்தையும் அடுத்தவர் சொத்தையும் காக்க உரிமை உண்டு. பக்கத்துத் தோட்டத்து ஆத்தாவைக் காப்பாற்றப் போனாலும் அதே உரிமைதான்.

உயிரை எடுக்கும் அளவுக்கு அந்த உரிமை எப்போது நீளும் என்பது 38-ஆம் பிரிவு. அடிக்க வருகிறவனால் சாவோ கொடுங்காயமோ வரும் என்று நியாயமாகப் பயப்படும்படி இருந்தால். பலாத்காரம் செய்யவோ, இயற்கைக்கு மாறான முறையில் கெடுக்கவோ வந்தால். கடத்த வந்தால். போலீஸையோ அதிகாரிகளையோ கூப்பிடவே முடியாதபடி அடைத்து வைக்க வந்தால். ஆசிட் ஊற்ற வந்தால், இது 2013-இல்தான் பழைய சட்டத்தில் சேர்ந்தது. பொருளுக்காக என்றால் 41-ஆம் பிரிவு: கொள்ளை, பொழுது சாய்ந்ததில் இருந்து விடியும் வரைக்குள் வீட்டை உடைத்து நுழைவது, ஆள் குடியிருக்கும் வீட்டுக்கோ பொருள் வைத்திருக்கும் கட்டடத்துக்கோ தீ வைப்பது. வெறும் திருட்டு, அத்துமீறல் என்றால் அதோடு கூடச் சாவுப் பயமோ கொடுங்காயப் பயமோ இருந்தாக வேண்டும்.

இவ்வளவு உரிமை இருக்கிறதா என்று அப்பாடா என்றிருந்தது. அப்புறம் அவர் 37-ஐ எடுத்தார். மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் இதுதான் கடிவாளம். போலீஸைக் கூப்பிட நேரம் இருந்தால் இந்த உரிமையே கிடையாது. தற்காத்துக்கொள்ள எவ்வளவு வேண்டுமோ அதற்கு மேல் ஒரு அடிகூடக் கூடாது.

கேள்வி நேரம் ஆரம்பித்ததும் மண்டபம் சூடுபிடித்தது. முன்வரிசைப் பெரியவர் ஒருவர் எழுந்தார். "ஏனுங் அம்மிணி, தேங்காய் களவாண்டுட்டுப் போறானுங்க. பகல்லயே போறான். கொடுவாளால ஒரு போடு போட்டா?"

"போட்டா நீங்கதான் உள்ள போவீங்க ஐயா" என்றார் வக்கீலம்மா. பகலில், ஆயுதம் இல்லாமல், தேங்காய் எடுக்கிறவனைத் தடுக்கலாம், பிடிக்கலாம், தேவையான அளவு பலத்தைக் காட்டலாம். உயிருக்கு ஆபத்து வரும்படி வெட்டக் கூடாது. பிடித்துவிட்டால் கட்டி வைத்து ஊரைக் கூட்டி அடிக்கவும் கூடாது. தனி ஆள் ஒருவர் திருடனைப் பிடித்தால் ஆறு மணி நேரத்துக்குள் போலீஸில் ஒப்படைத்துவிட வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 40-ஆம் பிரிவு சொல்கிறது. பெரியவருக்குத் திருப்தி இல்லை. "அப்ப தேங்காய் போனது போனதுதானா?" என்று முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார்.

காம்பவுண்டு கேள்விதான் எனக்கு ரொம்பப் பயன்பட்டது. ராத்திரி ஒருவன் சுவர் ஏறிக் குதித்துக் களத்தில் நிற்கிறான். வெட்டலாமா? அவன் இன்னும் வீட்டை உடைக்கவில்லை. களம் வீடு இல்லை. கதவை நெம்ப ஆரம்பித்தால் கதை மாறும், முயற்சி செய்தாலே போதும், உள்ளே வந்து முடிக்கிற வரை காத்திருக்க வேண்டியதில்லை. மோட்டார் ரூம் பூட்டை உடைத்தால்? அதுவும் பொருள் வைக்கிற கட்டடம்தான், கணக்கில் வரும். ஆனால் எங்கே வந்தாலும் 37 பின்னாலேயே வரும். விளக்கைப் போட்டதும் ஓடுகிறவனுக்கு விளக்கே போதும்.

ஓடுகிறவன் விஷயத்தில் அவர் ரொம்ப நேரம் நின்றார், நானும் நிற்கிறேன். ராத்திரி வீடு புகுந்தவனுக்கு எதிரான உரிமை, அவன் வீட்டுக்குள் இருக்கிற வரைக்கும்தான். உடம்புக்கான உரிமை, பயத்துக்குக் காரணம் இருக்கிற வரைக்கும்தான். அவன் முதுகைக் காட்டி வேலி தாண்டிவிட்டால் துரத்திப் போய் வெட்டுவது தற்காப்பு இல்லை. 1962-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன ஜெய் தேவ் வழக்கை விவரித்தார். பஞ்சாபில் வயல் தகராறு. தாக்க வந்தவர்கள் ஓடத் தொடங்கிய பிறகும் துப்பாக்கியால் சுட்டார்கள். ஆபத்து நீங்கியதும் உரிமையும் நீங்கிவிட்டது என்று நீதிமன்றம் சொன்னது, குற்றவாளி என்ற தீர்ப்பு நின்றது.

அதே நீதிமன்றம் இன்னொரு பக்கமும் பேசியிருக்கிறது. தேவ் நாராயண் வழக்கில் எதிராளி தடியால் தலையில் அடித்தான், இவர் ஈட்டியால் குத்தினார். தடிக்கு ஈட்டியா, அளவு மீறிவிட்டது என்றது உயர் நீதிமன்றம். உச்ச நீதிமன்றம் ஒப்பவில்லை. தலையில் விழுகிற தடியும் உயிரை எடுக்கும், அடி விழுந்துகொண்டிருக்கிற நேரத்தில் தங்கம் நிறுக்கிற தராசு வைத்துப் பார்க்க முடியாது என்று விடுதலை செய்தது. 2010-இல் தர்ஷன் சிங் வழக்கில், அப்பாவைத் தாக்கியவனைச் சுட்ட மகனை உயர் நீதிமன்றம் தண்டித்திருந்தது, உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டு விடுவித்தது. வெட்டு விழுகிற வரை பொறுத்திருக்க வேண்டியதில்லை, நியாயமான பயம் இருந்தாலே போதும் என்றது. ஆக, வெட்டு விழுவதற்கு முந்தின நொடியில் சட்டம் நாம் நினைப்பதைவிடப் பெரிய மனதோடு இருக்கிறது. அவன் திரும்பிய அடுத்த நொடியில் நாம் நினைப்பதைவிடக் கறாராக இருக்கிறது. 1,200 ரூபாய்க்கு நான் வாங்கி வந்தது இதைத்தான்.

நியாயமான பயம் என்றால் யாருக்கு நியாயம் என்று என் நாத்தனார் கேட்டாள். நல்ல கேள்வி. நம் மனதுக்குள் பயம் இருந்தால் மட்டும் போதாது, அந்த இடத்தில் அந்த நேரத்தில் நம்மை மாதிரி ஒருவர் பயப்படுவாரா என்று கோர்ட் பார்க்கும். இதில் வக்கீலம்மா சொன்ன ஒரு விஷயம் எங்கள் பக்கத்துக்கு ரொம்ப அவசியம். தெரியாத முகம் என்பது மட்டும் காரணம் ஆகாது. இந்தி பேசுகிற பையன் வழி கேட்டுக் கதவைத் தட்டினால் அது பயத்துக்குக் காரணம் இல்லை. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்குப் போன ஒரு குடும்பத்து வயதான அம்மா வழியில் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவர் என்று ஊரே கூடி அடித்துக் கொன்றது. அடித்தவர்களுக்கும் பயம் இருந்திருக்கும். திருப்பூரைச் சுற்றி பனியன் கம்பெனிக்கும் தறிக்கும் எத்தனை ஆயிரம் வெளியூர்ப் பிள்ளைகள் வந்து பிழைக்கிறார்கள். காலையில் மைக்கில் பேசியவர் இதை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது மட்டும் இல்லை, "புது ஆளைப் பாத்தா சும்மா விடாதீங்க" என்று வேறு சொன்னார்.

கேஸே வராதா என்ற கேள்விக்கும் நேரான பதில் கிடைத்தது. வரும். ஆள் செத்தால் எஃப்ஐஆர் போடுவார்கள், கைதும் செய்யலாம். 2021 ஜனவரியில் திருவள்ளூர் மாவட்டம் சோழவரம் பக்கம் 19 வயதுப் பெண், பலாத்காரம் செய்ய வந்தவனை அவன் கத்தியாலேயே குத்தினார், அவன் இறந்தான். பழைய 100-ஆம் பிரிவின்படி போலீஸே அவரை விடுவித்தது. வந்தவன் அந்நியன்கூட இல்லை, தெரிந்தவன். ஆனால் எல்லா ஸ்டேஷனிலும் இப்படி நடக்கும் என்று எண்ணி உட்காராதீர்கள் என்றார். பெரும்பாலும் ஜாமீன், வாய்தா, சாட்சி என்று போய், கோர்ட்டில்தான் முடிவாகும். தற்காப்பு என்று நிரூபிக்கிற பொறுப்பு நம்முடையது. அரசுத் தரப்பு மாதிரி சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை, இப்படித்தான் நடந்திருக்கும் என்று தோன்றும் அளவுக்குக் காட்டினால் போதும். நல்லெண்ணத்தோடு தற்காத்து அளவு மீறிவிட்டால் அது கொலைக் குற்றம் ஆகாது, ஆனால் அதற்கும் கீழே ஒரு குற்றம் இருக்கிறது, 105-ஆம் பிரிவு, அதற்கும் பல வருடம் உள்ளே இருக்க நேரும்.

அதனால் நடந்த பிறகு என்ன செய்வது என்பதற்குத் தனியாக நேரம் ஒதுக்கினார். முதலில் 112, போலீஸுக்கு. அடுத்தது 108, விழுந்து கிடக்கிற திருடனுக்கும் சேர்த்து ஆம்புலன்ஸ் கேளுங்கள். உயிரை எடுப்பது உங்கள் நோக்கம் இல்லை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. கொடுவாளைக் கழுவாதீர்கள். களத்தைச் சாணி போட்டு மெழுகிவிடாதீர்கள் (இதைச் சொல்லும்போது பின்வரிசை அம்மாக்களைப் பார்த்துச் சொன்னார்). உங்கள் காயத்தை அன்றைக்கே டாக்டரிடம் காட்டி எழுத வையுங்கள், கீறலாக இருந்தாலும். முதலில் சொல்வதை மாற்றாமல் சொல்லுங்கள். வக்கீலுக்குப் பணம் இல்லையா, 15100-க்குக் கூப்பிடுங்கள், பெண்கள் என்றால் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு.

துப்பாக்கி பற்றியும் பேச்சு வந்தது. எங்கள் மாமனாரிடம் பன்றி விரட்ட லைசன்ஸ் எடுத்த ஒற்றைக்குழல் ஒன்று இருக்கிறது. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வருவார், மற்ற நாளில் பீரோவுக்கு மேல் தூசி பிடித்துக் கிடக்கும். லைசன்ஸ் துப்பாக்கி வைத்துக்கொள்ளத்தான் அனுமதி, சுட அனுமதி அதே 38-உம் 41-உம்தான் தரும் என்றார். கொடுவாள் தோட்டத்தில் இருக்கிற வரை கருவி, இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஏறினால் ஆயுதம். கரண்ட் வேலி பற்றி யாரோ தயங்கித் தயங்கிக் கேட்டார்கள், ஊரில் ஒளிவுமறைவாக நடக்கிறது அல்லவா. வக்கீலம்மா குரல் அப்போதுதான் உயர்ந்தது. லைனில் இருந்து நேராக வேலிக்கு இழுப்பதே குற்றம். தொட்டவன் திருடனா, மாடு தேடி வந்த பக்கத்து வீட்டுப் பையனா என்று கம்பிக்குத் தெரியாது. வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர் தற்காப்புக்காகக் கொன்றேன் என்று சொல்ல முடியாது. கேட்டவர் அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை.

இப்போது குறைகள். வக்கீலம்மாவுக்கு இரண்டு மணி நேரம் என்று போட்டிருந்தார்கள், ஸ்டால் வியாபாரம் இழுத்ததால் ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல்தான் கிடைத்தது. இன்னும் பத்துப் பேர் கை தூக்கியபடி இருக்க மைக்கை வாங்கிவிட்டார்கள். நோட்டீஸில் பழைய பிரிவு எண்கள் மட்டும் இருக்கின்றன, அச்சடித்து மிச்சமான கட்டு போல. எண்பது பேருக்கு ஒரு கழிவறை. நாத்தனார் சாப்பாட்டைப் பற்றியும் எழுதச் சொன்னாள்: "நங்கை, ரசத்தை மட்டும் மறக்காதீங்க." ரசம் நன்றாகத்தான் இருந்தது, மற்றது கல்யாண மண்டபச் சாப்பாடு.

ஐந்துக்கு மார்க் போடச் சொன்னால் காலைக்கு ஒன்றரை, ஸ்டாலுக்கு ஒன்று, மதியத்துக்கு ஐந்து. மொத்தமாக ஒரு மார்க் போட எனக்கு மனமில்லை, ஏனென்றால் காலையில் கை தட்டிவிட்டு மதியச் சாப்பாட்டோடு கிளம்பிப் போனவர்களும் உண்டு. அவர்கள் அந்த நோட்டீஸின் முதல் வரியை அடிக்காமலேயே வீட்டுக்குக் கொண்டு போயிருப்பார்கள்.

போகிறவர்கள் பதிவு செய்யும்போதே வக்கீல் வருகிறாரா, யார், எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். வரவில்லை என்றால் பணத்தைக் கட்டாதீர்கள். மதியத்துக்கு மட்டும் பாதிக் கட்டணம் என்று நாங்கள் கேட்டுப் பார்த்தோம், முதலில் முடியாது என்றார்கள், ஐந்து பேர் சேர்ந்து வந்தால் பார்க்கலாம் என்று கடைசியில் இறங்கி வந்தார்கள். மாமனாரையும் பக்கத்துத் தோட்டத்து ஆத்தாவையும் அடுத்த தடவை அனுப்புவதாக இருக்கிறேன். வெள்ளகோவில் பக்கம் இன்னும் மூன்று பேர் சேர்ந்தால் சொல்லுங்கள், வேன் பேசிவிடலாம்.